சி டிரைவ் சிவப்பாகிவிட்டதா? பழைய கணினியில் எதை அழிக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடினால் உடனே டெம்ப் ஃபைல்களை, அதாவது மென்பொருள்கள் தற்காலிகமாக எழுதிவைக்கும் கோப்புகளை, அழிக்கச் சொல்வது ஒரு பழக்கமாகிவிட்டது. அழித்தால் இடம் கிடைக்கும். வேகமும் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. சி டிரைவ் கழுத்துவரை நிறைந்திருந்தால்தான் இரண்டும் சேர்ந்து வரும். 500 ஜிபி டிஸ்கில் 300 ஜிபி சும்மா கிடக்கிற கணினியில் 2 ஜிபி குப்பையை அள்ளிப் போட்டாலும் எந்த வித்தியாசமும் தெரியாது. அதனால் உங்கள் கணினியில் என்ன கோளாறு தெரிகிறது என்று முதலில் பாருங்கள். கீழே அதற்குரிய பகுதிக்குப் போங்கள். எல்லாவற்றையும் வரிசையாகச் செய்துகொண்டிருக்க வேண்டாம்.

இங்கே சொல்வது விண்டோஸ் 7, விண்டோஸ் 10 ஓடும் பழைய வீட்டுக் கணினிகளுக்கு. பத்து வருடத்துக்கு முன் வாங்கிய டெஸ்க்டாப், பள்ளியில் பிள்ளைக்குக் கொடுத்த அரசு மடிக்கணினி, இந்த மாதிரி.

தொடங்குவதற்கு முன் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். புதிதாகப் போட்ட சில மென்பொருள்கள் பாதி வேலையை டெம்ப் ஃபோல்டரில் வைத்துவிட்டு, அடுத்த முறை கணினி எழும்போதுதான் முடிக்கும். அதற்குள் நாம் அழித்துவிட்டால் அந்த நிறுவல் அரைகுறையாக நிற்கும். முக்கியமான கோப்புகளுக்கு வெளியே ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே என்றால் பென் டிரைவில் அல்லது வேறு டிஸ்கில்; அதே சி டிரைவில் இன்னொரு ஃபோல்டரில் வைப்பது நகல் ஆகாது.

## பட்டை சிவப்பாக இருக்கிறது, 'லோ டிஸ்க் ஸ்பேஸ்' என்று செய்தி வருகிறது

காலியிடம் மொத்தத்தில் 10 சதவீதத்துக்குக் கீழே போனால், கம்ப்யூட்டர் ஜன்னலில் சி டிரைவின் பெயருக்குக் கீழே தெரியும் பட்டை சிவக்கும். அந்தச் செய்தி வருவது அதற்கும் வெகு பின்னால், 200 எம்பிக்குக் கீழே இறங்கிய பிறகுதான். சிவப்பைப் பார்த்ததுமே வேலையைத் தொடங்கிவிடுவது நல்லது.

முதலில் ரீசைக்கிள் பின். டெலிட் அழுத்திய கோப்பு எங்கேயும் போய்விடவில்லை, அதே டிரைவில்தான் உட்கார்ந்திருக்கிறது. திறந்து அளவு வாரியாக அடுக்கி, மேலே நிற்கும் பெரிய கோப்புகளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காலி செய்யுங்கள். கல்யாண வீடியோவைத் தவறிப்போய் இங்கே தள்ளி வைத்திருப்பவர்கள் உண்டு.

அடுத்து டிஸ்க் கிளீன்அப். சி டிரைவில் ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டிஸ்க் கிளீன்அப். கணக்குப் போட்டு ஒரு பட்டியல் காட்டும். உடனே ஓகே அடித்துவிடாதீர்கள். கீழே 'கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்' என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் மறுபடி ஒருமுறை தேடி, முன்பு காட்டாத பெரிய தலைப்புகளையும் சேர்த்துக் காட்டும். உண்மையான இடம் அங்கேதான் இருக்கிறது.

பட்டியலில் டெம்பரரி ஃபைல்ஸ், டெம்பரரி இன்டர்நெட் ஃபைல்ஸ், எரர் ரிப்போர்ட்டிங் இவற்றுக்குத் தாராளமாக டிக் போடலாம். டெம்பரரி ஃபைல்ஸ் என்பதில் ஏழு நாளுக்கு மேல் யாரும் தொடாதவை மட்டும்தான் போகும், அதனால் அங்கே பயமில்லை. மெமரி டம்ப் என்பது நீலத் திரை வந்து நின்றபோது விண்டோஸ் எழுதி வைத்த பதிவு. நீலத் திரைக்கான காரணத்தை யாராவது தேடிக்கொண்டிருந்தால் விட்டுவையுங்கள், இல்லையென்றால் அழித்துவிடலாம். தம்ப்நெயில்ஸை நான் விட்டுவிடுவேன். அழித்தால் படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறக்கும்போது அத்தனை குட்டிப் படங்களையும் கணினி மறுபடி வரைந்துகொண்டிருக்கும், பழைய இயந்திரத்தில் அது எரிச்சல்.

கவனமாகப் பார்க்க வேண்டியவை மூன்று.

ஒன்று, டவுன்லோட்ஸ். 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் டிஸ்க் கிளீன்அப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். 2020 இல் 2004 என்ற எண் கொண்ட பதிப்பு வந்தபோதுதான் எடுத்தார்கள். நெட் இணைப்பே இல்லாமல் பழைய பதிப்பிலேயே நிற்கும் கணினிகளில் அது இன்றும் இருக்கும். 'டவுன்லோட்தானே' என்று டிக் போட்டால், எப்போதோ இறக்கிய பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, ஆதார், ஹால் டிக்கெட் எல்லாம் ஒரே மூச்சில் போய்விடும். இப்படிப் போவது ரீசைக்கிள் பின்னுக்கும் வராது. செட்டிங்ஸில் உள்ள ஸ்டோரேஜ் பக்கத்திலும் டெம்பரரி ஃபைல்ஸ் என்ற தலைப்புக்குள்ளேயே டவுன்லோட்ஸ் நிற்கிறது. அதற்கு அந்த இடம் எப்படிப் பொருந்துகிறதோ தெரியவில்லை. டவுன்லோட்ஸை எப்போதும் கையால் திறந்து, பார்த்துப் பார்த்து அழியுங்கள்.

இரண்டு, 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டாலேஷன்'. இது சி டிரைவில் விண்டோஸ் டாட் ஓல்டு என்ற ஃபோல்டர். பத்து, இருபது ஜிபி சாதாரணமாக இருக்கும். விண்டோஸ் 10 ஆக மேம்படுத்தியிருந்தால் பத்து நாளில் தானே அழிந்துவிடும். சிக்கல் வேறு வகையில் வருகிறது. சர்வீஸ் கடையில் ஃபார்மேட் செய்யாமல் மேலேயே புது விண்டோஸ் போட்டுக் கொடுத்திருந்தால், உங்கள் பழைய டெஸ்க்டாப், பழைய படங்கள் எல்லாம் இந்த ஃபோல்டருக்குள் யூசர்ஸ் என்ற உள்ஃபோல்டரில் கிடக்கும். அதைத் திறந்து பார்த்து, வேண்டியதை வெளியே எடுத்த பிறகுதான் டிக்.

மூன்று, 'விண்டோஸ் அப்டேட் கிளீன்அப்'. புது அப்டேட்கள் வந்தபின் தேவையற்றுப்போன பழைய அப்டேட்களின் மிச்சம். விண்டோஸ் 7 இல் இது முதலில் இருக்கவில்லை. சர்வீஸ் பேக் 1 என்ற பெரிய அப்டேட் தொகுப்பு போட்ட கணினிகளுக்கு 2013 அக்டோபரில் ஓர் அப்டேட் வழியாகக் கொடுத்தார்கள். உங்கள் பட்டியலில் அது தெரியவில்லை என்றால் அந்த அப்டேட் ஏறவில்லை, அல்லது துடைக்க ஒன்றும் இல்லை. பழைய விண்டோஸ் 7 கணினியில் பல ஜிபி கிடைப்பது பெரும்பாலும் இங்கேதான். அந்தப் பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 14 உடன் முடிந்துவிட்டதால், ஒருமுறை துடைத்தால் மறுபடி சேர வழியில்லை.

இதை முடித்தபின் ரீஸ்டார்ட் செய்யும்போது திரையில் 'பிளீஸ் வெயிட்' போல ஏதாவது காட்டிக்கொண்டு வெகுநேரம் நிற்கலாம். தொங்கிவிட்டது என்று நினைத்துப் பவர் பொத்தானை அழுத்திவிடாதீர்கள். யுபிஎஸ் பேட்டரி செத்துப்போன வீடுகளில் மின்தடை அறிவித்த நாளன்று இதைத் தொடங்கவே வேண்டாம்.

## எல்லாம் அழித்தாகிவிட்டது, இடம் மட்டும் வரவில்லை

அப்படியென்றால் குப்பை நீங்கள் தேடிய இடத்தில் இல்லை. ஊகிப்பதை விட்டுவிட்டு அளந்து பாருங்கள். வின்டிர்ஸ்டாட் என்ற இலவச மென்பொருள் டிரைவ் முழுவதையும் அலசி, எந்த ஃபோல்டர் எவ்வளவு தின்றிருக்கிறது என்று கட்டம் கட்டமாகக் காட்டும். பெரிய கட்டம், பெரிய கோப்பு. அலசி முடிக்கும்வரை குட்டிப் பேக்மேன்கள் திரையில் ஓடிக்கொண்டிருப்பது கூடுதல் பொழுதுபோக்கு.

சி டிரைவின் மேல்மட்டத்திலேயே இரண்டு பெரிய கோப்புகள் தெரியும். ஒன்று பேஜ்ஃபைல். ரேம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் இடம் அது. ரேம் குறைந்த பழைய கணினியில் அதில் கை வைக்கவே கூடாது. இன்னொன்று ஹைபர்ஃபில். ஹைபர்னேட் செய்யும்போது, அதாவது திறந்திருக்கும் வேலையை அப்படியே சேமித்துவிட்டுக் கணினியை அணைக்கும்போது, ரேமில் உள்ளதை எழுதிவைக்க ஒதுக்கிய இடம். விண்டோஸ் 7 இல் ரேமின் 75 சதவீதம், விண்டோஸ் 10 இல் பொதுவாக 40 சதவீதம். 4 ஜிபி ரேம் உள்ள விண்டோஸ் 7 கணினியில் 3 ஜிபி இதற்கே போகிறது. டெஸ்க்டாப்பில் ஹைபர்னேட் பயன்படுத்துபவர்கள் அபூர்வம். இதை டெலிட் பொத்தானால் அழிக்க முடியாது, அம்சத்தையே நிறுத்த வேண்டும். ஸ்டார்ட் மெனுவில் கமாண்ட் ப்ராம்ப்ட்டைத் தேடி, ரைட் கிளிக் செய்து, 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' வழியாகத் திறந்து, ஆங்கில எழுத்துகளில் பவர்சிஎஃப்ஜி என்று சேர்த்து அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் ஹெச் எழுத்தும், மறுபடி ஓர் இடைவெளி, பிறகு ஆஃப். என்டர் தட்டியதும் கோப்பு மறைந்துவிடும். விண்டோஸ் 10 இல் இதனால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் போய்விடும், கணினி எழுவது கொஞ்சம் தாமதமாகும். பேட்டரி உள்ள மடிக்கணினியில் நான் இதைச் செய்யமாட்டேன். சார்ஜ் தீரும் நேரத்தில் திறந்து வைத்த வேலையைக் காப்பாற்றுவது அதே ஹைபர்னேட்தான்.

அடுத்த இடம் சிஸ்டம் ரெஸ்டோர். பழைய நிலைக்குத் திரும்ப விண்டோஸ் எடுத்துவைக்கும் நகல்கள் கண்ணுக்குத் தெரியாத ஃபோல்டரில் இருப்பதால், வின்டிர்ஸ்டாட்டும் சில சமயம் 'அன்நோன்' என்று மட்டும் காட்டும். கன்ட்ரோல் பேனல், சிஸ்டம், சிஸ்டம் ப்ரொடெக்ஷன், கான்ஃபிகர் என்று போனால் எவ்வளவு இடம் எடுத்துக்கொள்ளலாம் என்பதை நகர்த்திக் குறைக்கலாம். அறவே நிறுத்திவிடாதீர்கள், 5 சதவீதம் இருக்கட்டும். டிஸ்க் கிளீன்அப்பின் 'மோர் ஆப்ஷன்ஸ்' பக்கத்தில் கடைசி நகலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழிக்கும் வசதியும் உண்டு.

கையால் டெம்ப் ஃபோல்டரைப் பார்க்க விரும்பினால், விண்டோஸ் விசையும் ஆர் எழுத்தும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் டெம்ப் என்ற சொல்லை ஆங்கிலத்தில், முன்னும் பின்னும் சதவீதக் குறி வைத்து அடியுங்கள். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து டெலிட். சில கோப்புகள் பயன்பாட்டில் இருப்பதாகச் சொல்லும். 'ஸ்கிப்' அழுத்திவிட்டுப் போங்கள், மல்லுக்கட்ட வேண்டாம்.

அப்புறம், விண்டோஸ் ஃபோல்டருக்குள் வின்எஸ்எக்ஸ்எஸ் என்று ஒன்று பெரிதாகத் தெரியும். அதன் அளவைப் பார்த்து மிரள வேண்டாம். அதிலுள்ள பல கோப்புகள் வேறு இடத்திலும் அதே பெயரில் தெரிவதால் எக்ஸ்புளோரர் ஒரே கோப்பை இரண்டு முறை எண்ணிவிடுகிறது. கையால் அழித்தால் விண்டோஸே எழாமல் போகலாம். பக்கத்திலேயே இன்ஸ்டாலர் என்ற மறைந்த ஃபோல்டர் இருக்கும். அதை அழித்தால் உடனே ஒன்றும் ஆகாது, ஆறு மாதம் கழித்து ஆஃபீஸை அப்டேட் செய்யவோ நீக்கவோ போகும்போது 'அந்தக் கோப்பைக் கொடு' என்று கேட்டு நிற்கும்.

## இன்று காலி செய்தால் நாளைக்கே மறுபடி நிறைந்துவிடுகிறது

இதைத்தான் பலர் வைரஸ் என்று நினைத்து ஃபார்மேட் வரை போகிறார்கள். விண்டோஸ் 7 கணினி என்றால் சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் டெம்ப் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். முன்பு பார்த்தது உங்கள் பயனர் கணக்கின் டெம்ப். இது விண்டோஸின் சொந்த டெம்ப். அதில் கேப், ஒரு அடிக்கோடு, அதன்பின் எண்கள் என்ற பெயரில், ஒவ்வொன்றும் சுமார் 100 எம்பி அளவில் வரிசையாகக் கோப்புகள் நின்றால் நோய் தெரிந்துவிட்டது.

நடப்பது இதுதான். அப்டேட் வேலைகளை எல்லாம் விண்டோஸ் ஒரு லாக் கோப்பில் எழுதி வைக்கும். அது பெரிதானதும் பெயர் மாற்றி, மேக்கேப் என்ற சிறு நிரலைக் கூப்பிட்டுச் சுருக்கச் சொல்லும். மேக்கேப்பால் 2 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பைச் சுருக்க முடியாது. ஏதோ ஒரு காரணத்தால் லாக் அந்த அளவைத் தாண்டிவிட்டால், சுருக்க முயன்று, பாதியில் தோற்று, அதுவரை உருவாக்கிய துண்டை டெம்ப்பிலேயே போட்டுவிட்டுப் போய்விடும். சிறிது நேரம் கழித்து மறுபடி முயலும், மறுபடி தோற்கும், இன்னொரு துண்டு சேரும். டிரைவ் நிறையும்வரை இது ஓயாது. நீங்கள் டெம்ப்பை மட்டும் காலி செய்துகொண்டிருந்தால், குழாயை மூடாமல் தரையைத் துடைப்பதுதான்.

மூட வேண்டிய குழாய் லாக் ஃபோல்டரில் இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் சர்வீசஸ் என்று தேடித் திறந்து, பட்டியலில் 'விண்டோஸ் மாட்யூல்ஸ் இன்ஸ்டாலர்' என்பதைக் கண்டுபிடித்து ஸ்டாப் கொடுங்கள். ஏற்கெனவே நின்றிருந்தால் சரி. பிறகு விண்டோஸ் ஃபோல்டருக்குள் லாக்ஸ், அதற்குள் சிபிஎஸ். அங்கே சிபிஎஸ்பெர்சிஸ்ட் என்று தொடங்கும் கோப்புகளில் ஒன்றாவது 2 ஜிபிக்கு மேல் இருக்கும். அவற்றையும், அங்குள்ள சிபிஎஸ் லாக்கையும் அழித்துவிடலாம். போவது பழைய அப்டேட் வேலைகளின் குறிப்பு மட்டுமே. தேவையானபோது விண்டோஸ் புது லாக் தொடங்கிக்கொள்ளும். இதற்குப் பிறகு டெம்ப்பில் உள்ள கேப் கோப்புகளை அழித்து ரீஸ்டார்ட். இந்த வரிசை முக்கியம், முதலில் லாக், பிறகு டெம்ப்.

விண்டோஸ் 10 இல் இடம் தானாகக் குறைந்துகொண்டே போனால் கோப்புகளைச் சீக்கிரம் தேட விண்டோஸ் எழுதிவைக்கும் தேடல் அட்டவணையைச் சந்தேகப்படுங்கள். விண்டோஸ் என்ற பெயரும் ஈடிபி என்ற பின்னொட்டும் கொண்ட ஒற்றைக் கோப்பு பல ஜிபிக்கு வளர்ந்து நிற்பதை வின்டிர்ஸ்டாட் காட்டும். கன்ட்ரோல் பேனலில் இண்டெக்சிங் ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, ரீபில்டு என்று போனால் அட்டவணை புதிதாக எழுதப்படும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம்.

டெலிகிராம் டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் அதன் செட்டிங்ஸில் அட்வான்ஸ்டு, 'மேனேஜ் லோக்கல் ஸ்டோரேஜ்' என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். நான்கைந்து குழுக்களில் இருந்தால் போதும், காலை வணக்கப் படங்களே சி டிரைவைத் தின்றுவிடும்.

## அப்டேட் பாதியில் நிற்கிறது

சர்வீசஸில் 'விண்டோஸ் அப்டேட்' சேவையை ஸ்டாப் செய்து, விண்டோஸ் ஃபோல்டருக்குள் சாஃப்ட்வேர்டிஸ்ட்ரிபியூஷன், அதற்குள் டவுன்லோட். இது உங்கள் டவுன்லோட்ஸ் அல்ல, அப்டேட்டுக்கானது. உள்ளே இருப்பதை எல்லாம் அழித்து, சேவையைத் திரும்பத் தொடங்குங்கள். பழுதான பாதி இறக்கம் போய், புதிதாக இறங்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருந்தால் டேட்டா கணக்கைப் பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.

## இடம் நிறைய இருக்கிறது, ஆனாலும் மெதுவாகத்தான் ஓடுகிறது

இங்கே அழிப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். மெமரி 90 சதவீதத்துக்குப் பக்கத்தில் நின்றால் ரேம் போதவில்லை. விண்டோஸ் 10 இல் டிஸ்க் என்ற பத்தியில் 100 சதவீதம் வெகுநேரம் நின்றால், சுழலும் பழைய ஹார்டு டிஸ்கால் ஈடுகொடுக்க முடியவில்லை. ரேமைக் கூட்டுவதும், ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு சுழலும் பாகமே இல்லாத வேகமான டிஸ்கான சாட்டா எஸ்எஸ்டி ஒன்றைப் போடுவதும்தான் வித்தியாசம் தரும். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால், 4 ஜிபி ரேம் உள்ள கணினிக்கு முதலில் எஸ்எஸ்டி என்பேன்.

காசு செலவில்லாமல் செய்யக்கூடியது, கணினி எழும்போதே கூட எழுந்துகொள்ளும் மென்பொருள்களைக் குறைப்பது. விண்டோஸ் 10 இல் டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கம். விண்டோஸ் 7 இல் சிஸ்டம் கான்ஃபிகரேஷன். ஆன்டிவைரஸைத் தவிர மற்றவை பெரும்பாலும் தேவையில்லை.

ப்ரீஃபெட்ச் ஃபோல்டரைத் துடைக்கச் சொல்லும் அறிவுரை இன்னும் சுற்றுகிறது. நீங்கள் அடிக்கடி திறக்கும் நிரல்களை வேகமாகத் திறக்க விண்டோஸ் எழுதிவைத்த குறிப்புகள் அவை. அழித்தால் கொஞ்ச நாளைக்கு முன்பைவிட மெதுவாகத்தான் இருக்கும். அதேபோல விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்கிறோம் என்று வரும் மென்பொருள்களும் வேலைக்கு ஆகாது. ஆயிரம் பிழை என்று சிவப்பில் காட்டுவது பயமுறுத்தத்தான். பெயர்பெற்ற சுத்தம் செய்யும் மென்பொருளான சிகிளீனரிலேயே 2017 இல் 5.33 பதிப்பின் நிறுவல் கோப்புக்குள் யாரோ தீம்பொருளை நுழைத்து, அது அதிகாரபூர்வமாகவே லட்சக்கணக்கான கணினிகளுக்குப் போனது. விண்டோஸிலேயே உள்ள கருவிகள் வீட்டுக்குத் தாராளம்.

## பிரௌசர் மட்டும் தகராறு செய்கிறது

கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலிட். வரும் பெட்டியில் கேஷுக்கு (பார்த்த தளங்களின் படங்களையும் கோப்புகளையும் பிரௌசர் சேர்த்துவைக்கும் இடம்) மட்டும் டிக். குக்கீஸுக்கும் போட்டால் எல்லாத் தளத்திலும் மறுபடி லாகின் செய்ய வேண்டும். பாஸ்வேர்டுகளுக்குப் போட்டால், வீட்டில் யாருக்கும் நினைவில் இல்லாத அந்த மின்னஞ்சல் பாஸ்வேர்டும் சேர்ந்து போகும். விண்டோஸ் 7 இல் குரோம் 109 ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. சில தளங்கள் திறக்கவில்லை என்றால் அதற்குக் காரணம் பிரௌசரின் வயது, கேஷைத் துடைத்துப் பலனில்லை.

## அழிக்கும்போதே தொங்குகிறது, பெட்டிக்குள் டக் டக் என்று சத்தம்

நிறுத்துங்கள். இது டிஸ்க் சாகத் தொடங்கிய அறிகுறி. ஒரு சிறு கோப்பை அழிக்கவே நிமிடக்கணக்கில் ஆவது, ஃபோல்டரைத் திறந்தால் பச்சைப் பட்டை ஊர்ந்துகொண்டே இருப்பது, இவையும் அதே கணக்குதான். இந்த நிலையில் டிஸ்க் கிளீன்அப், டீஃப்ராக், செக்டிஸ்க் எதை ஓட்டினாலும் டிஸ்கை இன்னும் அடித்து ஓட்டுவதாகும். முதலில் படங்கள், ஆவணங்கள் வெளியே போகட்டும். அதன்பின் டிஸ்கின் நலத்தைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். 'குட்' என்று நீலத்தில் வந்தால் கேபிள் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கலாம், மஞ்சளில் 'காஷன்' வந்தால் புது டிஸ்குக்குத் தயாராகுங்கள்.

## சுத்தம் செய்தபின் பழைய தமிழ்க் கோப்புகள் பூச்சி பூச்சியாகத் தெரிகின்றன

எழுத்துருக்கள் அதிகம் இருந்தால் வேர்டு மெதுவாகத் திறக்கும் என்று யாரோ சொல்ல, ஃபான்ட்ஸ் ஃபோல்டரில் தெரியாத பெயரையெல்லாம் அழித்திருப்பீர்கள். அதில் பழைய தமிழ் எழுத்துருக்களான பாமினியோ வானவில்லோ போயிருக்கும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு பரவுவதற்கு முன் அடித்த கோப்புகளில் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான். அந்த எழுத்துரு இருந்தால்தான் அவை தமிழாகத் தெரியும். பாமினிக் கோப்பு என்றால் அடையாளம் எளிது, பாமினியில் அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி, அதனால் வரிக்கு வரி அரைப்புள்ளியாக இறைந்து கிடக்கும்.

கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அதை வேர்டில் திறந்து, பூச்சியாகத் தெரியும் வரியில் கிளிக் செய்தால், மேலே எழுத்துருப் பெட்டியில் இல்லாமல்போன எழுத்துருவின் பெயர் அப்படியே இருக்கும். அதே பெயருள்ள எழுத்துருவை ரீசைக்கிள் பின்னிலோ, பழைய சிடியிலோ, வேறொரு கணினியின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலோ தேடி எடுத்து, ரைட் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்துவிட்டு, வேர்டை மூடித் திறங்கள். எழுத்து திரும்பியதும், அந்தக் கோப்பை ஓர் எழுத்துரு மாற்றி மென்பொருள் வழியாக யூனிகோடுக்கு மாற்றி இன்னொரு பெயரில் சேமித்துக்கொள்ளுங்கள். மூலக் கோப்பும் அப்படியே இருக்கட்டும்.